தங்கை வீட்டு மகிழங்கன்று

1

நாங்கள் வினிபெக் வந்து இருபது வருடம் நிறைந்த அதே வாரத்தில், நகராட்சி ஆள் ஒருவர் எங்கள் வீட்டு முன்னால் நின்ற ஆஷ் மரத்தின் இடுப்பில் ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். இங்கே வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு துண்டு புல்தரை இருக்கும். புல்லை வெட்டுவதும் இலையைக் கூட்டுவதும் நம் பொறுப்பு. அதில் நிற்கும் மரம் மட்டும் நகராட்சியின் சொத்து. வட்டம் போட்டால் வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். ஆஷ் மரங்களை உள்ளுக்குள் துளைத்துத் தின்னும் ஒரு பூச்சி எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டதாம்.

வெட்டிய இடத்தில் வேறு மரம் வைப்பார்கள். எந்த மரம் வேண்டும் என்று வீட்டுக்காரர் விருப்பம் சொல்லலாம். மைனஸ் முப்பதுக்கும் கீழே இறங்கும் குளிரை அது தாங்க வேண்டும். பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டும் உப்பைத் தாங்க வேண்டும். வாசலுக்கு அழகாகவும் இருக்க வேண்டும், கோடையில் நிழலும் தர வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்.

நகராட்சிக்குப் போன் போட்டு, எண்களை மாற்றி மாற்றி அழுத்தி, பாட்டுக் கேட்டுக்கொண்டே காத்திருந்து, கடைசியில் ஒரு பெண் குரல் வந்ததும், "பெரிய ஷேடோ இருக்கும் மரமாக வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்சம் நிறுத்தி, "ஷேட் என்கிறீர்களா?" என்று மிக மரியாதையாகக் கேட்டாள். மரத்துக்குக் கீழே கிடைப்பதும் நிழல்தான், மனுஷன் பின்னால் வருவதும் நிழல்தான் நமக்கு. இருபது வருடம் ஆகியும் வாய் தமிழில்தான் முதலில் யோசிக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் இனியா சாப்பாட்டு மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுக்குப் பதினெட்டு வயது. பள்ளியில் கடைசி வருடம். இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நோயாளிகளின் காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் பிரிவு. உப்பு கூடாதவருக்கு ஒன்று, சர்க்கரை கூடாதவருக்கு ஒன்று என்று பார்த்துப் பார்த்து அடுக்க வேண்டும். இருட்டில் பஸ் ஏறினால் மதியம்தான் திரும்புவேன். இனியாவுக்குப் பள்ளி இல்லாத ஒரு நாள், தலைவலி என்று சீக்கிரமே வந்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் மாடியில் யாரோ தமிழில் பேசும் சத்தம் கேட்டது. ஏதோ சீரியல் ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"சித்தி, புங்கன் வெச்சீங்கன்னா எலை ஜாஸ்தி கொட்டும். டெய்லி பெருக்கணும். ஒங்க முட்டிவலியோட எப்பிடி குனிவீங்க?"

என் மகளின் குரல். என் மகளின் குரலில் சிதம்பரத்துத் தமிழ்.

செல்வி என் தங்கை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். நான் கல்யாணமாகி இங்கே வந்தேன். அவள் கல்யாணமாகி சிதம்பரம் போனாள். அவள் கணவர் ராஜவேலு மின்வாரியத்தில் இருக்கிறார். போன மழைக்காலத்துப் புயலில் அவர்கள் வாசலில் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து காம்பவுண்டு சுவரையும் கேட்டையும் நசுக்கிவிட்டது. எனக்கும் படம் அனுப்பியிருந்தாள். நான் ஒரு வருத்தப்படும் பொம்மை முகத்தை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இனியா கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். அன்றிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். சித்தி வாசலுக்கு இவள் மரம் பார்க்கிறாள். எங்கள் வாசலுக்குச் சித்தி மரம் பார்க்கிறாள்.

படிக்கட்டில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டேன். லிண்டன் என்ற மரத்தின் இலையை இனியா கேமராவில் காட்டுகிறாள் போலிருக்கிறது. "அய்யோ, பூவரச எலையாட்டமே இருக்குதுடி! அதையே வைங்க. நானும் ஒங்கம்மாவும் பூவரச எலையில பீப்பி சுத்தி ஊதுவோம். ஒங்கம்மாவுக்குச் சத்தமே வராது," என்று செல்வி சிரிக்கிறாள். இனியாவும் சிரிக்கிறாள்.

செல்விக்கு முட்டிவலி என்பது எனக்குத் தெரியாது. எனக்குப் பீப்பி ஊத வராது என்பது என் மகளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டில் எது அதிகமாகச் சுட்டது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

3

பொறாமை என்ற சொல்லைத் தங்கச்சி மேல் போட மனசு வராது. ஆனால் வேறு சொல் இல்லை.

சின்ன வயதில் கடலூரிலிருந்து புவனகிரிக்கு மாமா வீட்டுக்குப் பஸ்ஸில் போவோம். செல்விக்கு வாந்தி வரும். அதனால் ஜன்னல் சீட்டு எப்போதும் அவளுக்குத்தான். நான் நடுவில் உட்கார்ந்து அம்மாவின் தோள்பையைப் பிடித்துக்கொண்டு வருவேன். அதெல்லாம் சின்னப் பிள்ளைச் சண்டை, மறந்துவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். பிறகு அப்பா படுத்தபோது அவள் பக்கத்தில் இருந்தாள். அம்மா போனபோது நான் டொரண்டோ விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தேன். அம்மா கடைசியாகத் தண்ணீர் கேட்டது அவளிடம். ஊர், கடல் காற்று, அப்பா அம்மா, கல்யாணம் காட்சி எல்லாம் அவளுக்கு. எனக்கு இந்த நாடும் இந்தப் பிள்ளையும். அவளுக்குக் குழந்தை இல்லை. பாண்டிச்சேரிக்கும் சென்னைக்கும் பல வருடம் அலைந்துவிட்டு ஒரு நாள் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். யாரும் உட்கார்ந்து பாகம் பிரிக்கவில்லை. ஆனால் பாகம் இதுதான் என்று நான் மனசுக்குள் எப்போதோ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது அவள் என் பாகத்தில் கை வைக்கிறாள்.

சனிக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன்.

"இனியா ஒங்கிட்ட டெய்லி பேசுதா?"

"டெய்லின்னு இல்லக்கா. நாலு நாளைக்கு ஒருவாட்டி. மரம் உழுந்ததப் பாக்கணும்னுச்சு, காட்டுனேன். அப்பிடியே பழக்கமாயிடுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீ."

"அது சொல்லியிருக்கும்னு நெனச்சேன். மரத்தப் பத்திதான பேசிக்கினு இருக்கோம், இதுல சொல்றதுக்கு என்னா இருக்குது?" என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. "ஏங்க்கா, பேசக் கூடாதா?"

"நான் அப்பிடிச் சொன்னேனா?" என்று வைத்துவிட்டேன்.

4

அடுத்த வாரம் இரவுச் சாப்பாட்டின்போது இனியா லிண்டன் பேச்சை எடுத்தாள். ஆடி மாதம் பிறக்கும் சமயத்தில் பூக்குமாம், தெருவே மணக்குமாம், தேனீ வருமாம். என் கணவர் பேருந்து கட்டும் தொழிற்சாலையில் இன்ஜினியர். மரம் என்றால் அவருக்கு இலை விழும் ஒரு தொந்தரவு. "எது வெச்சாலும் சரி, கார் மேல கொட்டாம இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"நான் பர் ஓக்னு சொல்லிட்டேன்," என்றேன்.

உண்மையில் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அந்த நிமிடம்தான் முடிவு செய்தேன். ஓக் மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அது செல்வி சொன்ன மரம் இல்லை, அவ்வளவுதான்.

"அம்மா, அது வளர ரொம்ப நாளாகும். யாரைக் கேட்டீங்க?"

"யாரைக் கேக்கணும்? இது என் வீடு. சிதம்பரத்துல இருந்துகினு என் வாசலுக்கு மரம் பாக்க வேண்டாம்."

இனியா கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள். அவள் அப்பாவைப் போல அமைதியாகிவிடுவாள். "ஓகே. உங்க வாசல். எப்படியும் நான் இங்க இருக்கப் போறதில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கல்லூரியில் இடம் கிடைத்தாலும் ஒரு வருடம் தள்ளிச் சேரப் போகிறாளாம். கோடை முழுக்க கடையில் வேலை செய்து டிக்கெட்டுக்குச் சேர்த்துவிட்டு, டிசம்பரில் சிதம்பரம் போய் சித்தி வீட்டில் இருக்கப் போகிறாளாம்.

"அங்க போய் என்ன பண்ணப் போற?"

"சும்மா இருக்கப் போறேன்."

படிப்பு, நடனம், சமூக சேவை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருந்தால் சண்டை போட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். சும்மா இருக்கப் போகிறாளாம். நான் இருபது வருடமாக ஏங்கிக்கொண்டிருப்பதும் அதற்குத்தானே? நம் பிள்ளைகள் ஊரை மறந்துவிடுவார்கள் என்று இங்கே எல்லாத் தமிழ் அம்மாக்களும் பயப்படுகிறோம். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அழ அழ இழுத்துக்கொண்டு போனோம். பிள்ளை ஊர்ப் பக்கம் திரும்பினால், அதுவும் என் கையைப் பிடிக்காமல் தானாக நடந்து போனால், எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் முதல் வேலையாக நகராட்சிக்குப் போன் போட்டு பர் ஓக் என்று பதிவு செய்தேன்.

5

டிசம்பரில் நானும் கூடவே போனேன். மூன்று வார விடுப்பு. "பிள்ளையை விட்டுவிட்டு வருகிறேன்" என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் இரண்டு பேரும் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வரத்தான் போனேன்.

செல்வி வாசலில் மரம் இருந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. வீட்டு முகப்பில் வெயில் நேராக அடித்தது. கோடையில் பத்து மணிக்கே முன் அறைக்குள் கால் வைக்க முடியாதாம். மழை முடியட்டும், இனியா வரட்டும் என்று அவள் கன்று வைக்காமலே காத்திருந்திருக்கிறாள். இரண்டாம் நாளே நாங்கள் நாலு பேரும் ராஜவேலுவின் காரில் கடலூர் சாலையில் புதுச்சத்திரம் தாண்டி இருந்த ஒரு நர்சரிக்குப் போனோம். இனியாவும் செல்வியும் பின்னால் ஒட்டி உட்கார்ந்து ஒரே போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு முன் சீட்டு. ஜன்னல் பக்கம்தான்.

நர்சரிக்காரர் நடுத்தர வயதுக்காரர், வியாபாரம் தெரிந்தவர். "நெழலு ஒடனே வேணும்னா புங்க எடுத்துக்குங்க. இல்லாட்டி பாதாம் இருக்குது. சரக்கொன்ற வெச்சா சித்திரையில வாசலே மஞ்சளா நிக்கும்," என்று அடுக்கினார்.

"தலைக்கு மேல ஒயரு போவுதுங்க. பெருசா போற மரம் வேணாம்," என்றார் ராஜவேலு. "அப்புறம் நானே ஏணி போட்டு எங்க வீட்டு மரத்தையே வெட்டிக்கினு இருக்கணும்."

"காத்துக்கு ஒடியாத மரமா வேணும்," என்றாள் செல்வி. "இன்னொருவாட்டி சொவுரு கட்ட முடியாது."

இனியா அதற்குள் ஒரு வரிசையின் முன்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். இலை கருப்பச்சையாகப் பளபளவென்று இருந்தது. "மகிழம்தான் சித்தி. மெதுவாத்தான் வளரும். ஆனா காத்துல சாயாது, வருஷம் பூரா எலை இருக்கும். ஒயரம் போனா வெட்டி விட்டுக்கலாம்."

"பாப்பா சொல்றது சரிதான். என்னா ஒண்ணு, நெழலுக்குக் கொஞ்ச வருசம் பொறுக்கணும்," என்றார் நர்சரிக்காரர். பிறகு செல்வியைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா வெவரமா பேசுது. ஒங்க பொண்ணா?"

"ஆமா," என்றாள் செல்வி.

நான் இரண்டு தொட்டி தள்ளி நின்றிருந்தேன். இனியாவுக்குக் கேட்கவில்லை. அவள் கன்றின் தண்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜவேலு காதில் விழாதது போல் ஒரு மண் மூட்டையின் விலையைக் கேட்கப் போனார். செல்வி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது மகிழங்கன்று என் காலடியில் இருந்தது. வழியெல்லாம் அதன் இலை என் முட்டியில் உரசிக்கொண்டே வந்தது. அதைத் தூக்கி வெளியே எறிந்துவிடலாம் போலிருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து இனியா தூங்கப் போனாள். ராஜவேலு வேலைக்குப் போய்விட்டார். செல்வி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கழுவி அடுக்கினேன்.

"அந்த ஆளு கேட்டப்ப நீ ஏன் ஆமான்ன?"

அவள் கை நின்றது. "நீ கேப்பன்னு தெரியும்," என்றாள். "வழியில போறவன்கிட்ட என்னாத்த வெளக்கிக்கினு நிக்கிறதுன்னு ஆமான்னுட்டேன். அப்பிடின்னு ஒங்கிட்ட சொல்லலாம்னு வழியெல்லாம் யோசிச்சிக்கினு வந்தேன்க்கா. ஆனா அது பொய்யி. ஒருவாட்டி சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு. சொன்னேன்."

அப்போதும் என் வாயில் வந்தது அழுகை இல்லை. "எல்லாந்தான் ஒங்கிட்ட இருக்குதே. அப்பா, அம்மா, ஊரு. எனக்கு இது ஒண்ணுதான்."

செல்வி திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கிட்டயா? எங்கிட்ட என்னா இருக்குது? கரண்டு போனா கொசு இருக்குது. அம்மா படுத்துக் கெடந்த கட்டிலு இருக்குது. அதத் தெனம் பாத்துக்கினு இருக்கிறவ நான். அம்மா கடைசி வரைக்கும் யாரக் கேட்டுச்சுன்னு தெரியுமா? பெரியவ போன் பண்ணாளா, பெரியவ போன் பண்ணாளான்னு. தண்ணி குடுத்தது நானு. கேட்டது ஒன்ன. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அம்மா கேட்டாள் என்று இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஏண்டி சொல்லல?"

"பொறாமதான். வேற என்னா?" என்றாள்.

அவள் குழாயை மூடினாள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "புள்ளைய இங்க உட்டுட்டுப் போவலன்னா இப்பவே சொல்லிடு. நான் மனச தேத்திக்கிறேன். நடுவுல வந்து கூட்டிக்கினு போவாத," என்றாள்.

"இருக்கட்டும்," என்றேன். சந்தோஷமாகச் சொல்லவில்லை. பெருந்தன்மையும் இல்லை. அவள் கேட்ட விதத்துக்கு வேறு பதில் கிடையாது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கன்றை நட்டார்கள். ராஜவேலு குழி வெட்டினார். இனியா பையைக் கிழித்தாள். செல்வி, "அக்கா, நீ மண்ணு போடு" என்று கூப்பிட்டாள். நான் இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

கிளம்பும் நாளில் இனியா காரின் கதவருகே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நான் படிச்சுப் பார்த்தேன். ரோட்டு உப்புக்கு லிண்டன் அவ்வளவா தாங்காதாம். ஓக் தாங்குமாம். நீங்க சொன்னதுதான் கரெக்ட்," என்றாள். ஏன் ஓக் என்றேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன்.

6

மே மாதம் நகராட்சி வண்டி வந்து பர் ஓக்கை நட்டுவிட்டுப் போனது. மரம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு குச்சிக்கு நடுவில் கட்டிய மூன்றாவது குச்சி. நட்ட பெண்ணிடம் எப்போது நிழல் தரும் என்று கேட்டேன். இந்த முறை சொல்லைச் சரியாகவே சொன்னேன். "உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தரும்" என்று சிரித்தாள். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். வேலையிலிருந்து வந்ததும் அதுதான் என் முதல் காரியம். மாலை வரை வீட்டில் பேச ஆள் இல்லாததால் அதனிடம் இரண்டு வார்த்தை பேசுவதும் உண்டு.

எதிர் வீட்டு வாசலில் பழைய எல்ம் மரம் ஒன்று குடை மாதிரி நிற்கிறது. அவர்கள் நாற்காலி போட்டு அதன் கீழே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது இப்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது. இந்தக் குணம் ஒரு பயணத்தில் போய்விடும் என்று நான் ஊருக்குப் போகும்போதும் நினைக்கவில்லை, வரும்போதும் நினைக்கவில்லை. இனியா அங்கே வெள்ளாற்றுப் பாலத்தில் நின்று எடுத்த படத்தையும், பிச்சாவரத்தில் படகில் செல்வியின் தோளில் சாய்ந்திருக்கும் படத்தையும் அனுப்புகிறாள். பெரிதாக்கிப் பார்க்கிறேன். யார் தோள் என்று தெரிந்தும் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை இனியா கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். போனை மகிழங்கன்றுக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

"அம்மா, அடி எலையெல்லாம் மஞ்சளாவுது. வெயில் ஜாஸ்தி, தண்ணி பத்தலன்னு சித்தி ரெண்டு வேளையும் ஊத்துறாங்க. சித்தப்பா தண்ணி அதிகம்ங்கிறாரு. ரெண்டு பேரும் சண்ட. நீங்க சொல்லுங்க."

"அடியில மண்ணுக்குள்ள வெரல விட்டுப் பாரு."

அவள் குனிந்தாள். படம் ஆடியது. "உள்ள சேறா இருக்கும்மா."

"அப்ப ரெண்டு நாளைக்கு ஊத்தாத. காய உடு. அப்புறம் தொட்டுப் பாத்துட்டு ஊத்து."

"சரிம்மா. அப்படியே பண்றேன்," என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

படத்துக்கு வெளியே, கேட்டுப் பக்கமிருந்து செல்வியின் குரல் வந்தது. "ஏண்டி, நான் இங்க ஒண்டியா நின்னு தெனம் ஊத்தி வளத்துக்கினு இருக்கேன். கனடாவுல குந்திக்கினு இருக்கிறவள கேட்டுத்தான் எங்க வீட்டு மரத்துக்குத் தண்ணி ஊத்தணுமா?"

விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் கடைசிச் சொல்லில் குரல் கொஞ்சம் உடைந்து கூர்மையாகியது. அந்தக் கூர்மை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாக என் தொண்டையில் இருந்தது அதுதான்.

அவளுக்காகப் பாவமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"ஆமாண்டி," என்றேன், அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக. "என்னையே கேட்டுக்குங்க."